கவுண்டிக்கு ஒரு கொடி

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் தொடங்கும் கூட்டுறவு வாரத்தில், நம் சங்கக் கட்டடத்தின் முன்பு ஏழு வண்ணக் கொடி ஏற்றப்படுவதை உறுப்பினர்கள் அனைவரும் அறிவர். சென்ற ஆண்டு அக்கொடி ஏறிய பின்னர், எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் எழுந்த ஒரு பேச்சே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கூட்டுறவாளர் யாவர்க்கும் பொதுவான கொடி இருப்பது சரி, நம் சங்கத்துக்கென ஒரு கொடி வேண்டாமா என்று ஓர் அன்பர் கேட்டார். கேட்டதுதான் தாமதம், அடுத்த மாதமே துணியில் தீட்டிய மாதிரி ஒன்று நிர்வாகக் குழுவின் முன் வந்து சேர்ந்தது.

அதில் தறி இருந்தது, நாடா இருந்தது, இராட்டை இருந்தது. நெற்கதிரும் வாழையும் பருத்தியும் இருந்தன. உழவு மாடும், இப்போது எங்கும் காண்பதற்கரிய கவலை ஏற்றமும், மேற்கே தெரியும் மலையும், கோயிற் கோபுரமும், கைகுலுக்கும் இரு கரங்களும் இருந்தன. ஆகப் பதினொரு சின்னங்கள். சுற்றிலும் சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் எழுதப்பெற்றிருந்தன. எவரையும் விட்டுவிட மனமில்லாமல் வரைந்த அன்பரை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அத்துணி கம்பத்தில் ஏறியபோது, சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று பார்த்த நமக்கு, யாரோ மேசை விரிப்பைத் துவைத்து உலர்த்தியிருப்பது போலவே தோன்றிற்று.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தறி சிறிதாய் இருக்கிறது என்று நெசவாளர் பகுதியினர் வருந்தினர். நெற்கதிர் மூலையில் கிடக்கிறது என்று விவசாயப் பகுதியினர் வருந்தினர். வருத்தம் வாதமாயிற்று, வாதம் பழைய கடன் பாக்கிகளையும் நூல் பங்கீட்டையும் தொட்டுக்கொண்டு வளர்ந்தது. சென்ற பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கைக்கு ஒதுக்கிய நேரத்தையும் இக்கொடியே விழுங்கிவிட்டது. இவ்விஷயத்தில் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை அறிந்து எழுதுமாறு குழுவினர் நம்மைப் பணித்தனர்.

தேடியபோது நம் கருத்தைக் கவர்ந்தது இங்கிலாந்து. அந்நாட்டில் ஜில்லாவைப் போன்ற பகுதிக்குக் 'கவுண்டி' என்று பெயர். கிரிக்கெட் செய்திகளைப் படிக்கும் இளைஞர்கள் இச்சொல்லை நன்கு அறிவார்கள். பழைமையான கவுண்டிகள் மொத்தம் 39. இவற்றுள் மிகப் பலவற்றுக்கு நெடுங்காலம் கொடி என்பதே கிடையாது. பிரபுக்களுக்கும் நகராண்மைகளுக்கும் கேடயச் சின்னங்கள் இருந்தன. குடியானவன் தன் வீட்டு முற்றத்தில் ஏற்றிக்கொள்ளத்தக்க கொடிதான் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கவுண்டி மக்கள் ஒவ்வொருவராகக் கொடி அமைத்துக்கொள்ளத் தொடங்கி, 2021-இல் லெஸ்டர்ஷயர் தன் கொடியைப் பதிவு செய்துகொண்டதோடு அந்த வரிசை நிறைவு பெற்றது.

இத்தனை ஆண்டுகள் இல்லாத ஆசை திடீரென ஏன் பிறந்தது? அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்நாட்டின் ஆட்சி எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டன. கவுண்டிகள் சில வெட்டப்பட்டன, சில ஒட்டப்பட்டன. எல்லாவற்றினும் சிறிய ரட்லண்டு, அண்டையிலிருந்த லெஸ்டர்ஷயரோடு சேர்க்கப்பட்டது. அது மீண்டும் தனி ஆட்சி பெற 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. நம் கூட்டுறவு இயக்கத்தின் தாயகமாகிய ராச்டேல் நகரம், நூற்றாண்டுகளாக லங்காஷயரைச் சேர்ந்தது, 'பெரு மான்செஸ்டர்' என்னும் புதிய பிரிவுக்குள் போயிற்று. வரி செலுத்தும் அலுவலகம் மாறிற்று, முகவரி மாறிற்று, ஆனால் 'நீ எந்தக் கவுண்டி?' என்றால் முதியவர் பழைய பெயரையே சொன்னார். ஜில்லாக்கள் பிரிவதைக் கண்டு பழகிய நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காகிதத்தில் மறைந்த எல்லையைத் துணியிலாவது காத்துக்கொள்ள விரும்பினார்கள் என்று கருதினால் பிழையாகாது.

இனி, அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைக் காண்போம்.

தென்மேற்கிலுள்ள டெவன் கவுண்டியின் கொடி 2003-இல் அமைந்தது. பி.பி.சி. நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரிவு மக்களிடம் வடிவங்களைக் கேட்டு வாங்கி வாக்கெடுப்பு நடத்தியது. வென்றது பச்சைத் தளத்தில் கருநிற ஓரமிட்ட ஒரு வெண் சிலுவை. அவ்வளவே. பச்சை அப்பகுதியின் புல் நிறைந்த குன்றுகளைக் குறிக்கும். கருமை, காற்று வீசும் மேட்டுப் புறம்போக்குகளைக் குறிக்கும். வெண்மைக்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள்: ஒன்று கடல் நுரை, மற்றொன்று அங்கு வெட்டியெடுக்கும் வெண்களிமண். மாடு இல்லை, கப்பல் இல்லை, சுரங்கம் இல்லை. ஆயினும் அம்மண்ணில் பிறந்தவனுக்கு அம்மூன்று நிறங்களைக் கண்டவுடன் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. கிறித்தவ நாடாகையால் அங்கே சிலுவை வடிவம் கொடிகளில் இயல்பாக வருகிறது. நாம் கவனிக்க வேண்டுவது நிறங்களை.

கிழக்குக் கரையிலுள்ள லிங்கன்ஷயர் 2005-இல் மக்கள் வாக்கால் தன் கொடியைத் தேர்ந்தது. அது முழுதும் உழவர் பூமி. கொடியின் தளம் நான்கு கட்டங்களாகப் பிரிந்து பச்சையும் நீலமுமாக மாறி மாறி அமைந்திருக்கிறது. பச்சை வயல், நீலம் கடலும் பரந்த வானமும். நடுவே சிவப்புச் சிலுவை, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் ஓரம். மஞ்சள் விளைந்த கதிரின் நிறம் என்கிறார்கள். அக்கவுண்டியாரை அண்டை ஊரார் 'மஞ்சள் வயிற்றார்' என்று கேலியாக அழைப்பது பழைய வழக்கம்; அக்கேலிப் பெயரையே கொடியில் ஓரமாகத் தைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பெருந்தன்மையை நாம் மெச்சுகிறோம்.

அந்த மெல்லிய ஓரம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. நெசவாளர்கள் இதனைச் சிறிது கவனிக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால், இரண்டும் கலங்கி ஒரே மங்கல் நிறமாகிவிடும். ஆகையால் இரு கருநிறங்களுக்கு நடுவே வெள்ளையோ மஞ்சளோ ஒரு கோடு கொடுப்பது மேலை நாட்டுச் சின்னக் கலையின் பழைய விதி. நாட்டிங்ஹாம்ஷயரின் கொடியில், 2011-இல் மக்கள் தேர்ந்தது, சிவப்புச் சிலுவைக்கும் பச்சைத் தளத்துக்கும் இடையே வெள்ளை ஓரம் இருப்பதும் இதனாலேயே. சேலையின் உடலுக்கும் கரைக்கும் நடுவே வேற்று நிறத்தில் இரண்டு இழை விட்டுக் கரையை எடுத்துக்காட்டும் நம் தறிக்காரருக்கு இவ்விதியை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும் நம் மாதிரிக் கொடியில் பச்சை வாழையை நீல மலையின் மேல் வரைய விட்டவர்களும் நாமேதாம்!

நாட்டிங்ஹாம்ஷயரின் பச்சை, ராபின் ஹூட் என்னும் கதைத் தலைவன் வாழ்ந்ததாகச் சொல்லும் ஷெர்வுட் காட்டின் பச்சை. அவனும் அவன் தோழர்களும் உடுத்திய துணிக்குக் கதைகளில் வழங்கும் பெயர் 'லிங்கன் பச்சை'. இது வெறுங் கதையன்று. லிங்கன் நகரத்துச் சாயக்காரர்களின் கம்பளித் துணி இடைக்காலத்தில் பெயர் பெற்றிருந்தது. பச்சைக்கெனத் தனிச் சாயம் அவர்களிடம் இல்லை. 'வோடு' என்னும் செடியின் இலையிலிருந்து எடுத்த நீலத்தில் முதலில் தோய்த்து, அதன்மேல் 'வெல்டு' என்னும் செடியின் மஞ்சளை ஏற்றுவார்கள். வோடு இலையிலுள்ள நீலமும் நம் அவுரியிலுள்ள நீலமும் ஒன்றேதான்; அவுரியில் அது மிகுதி. கடல் கடந்து சென்ற நம் நாட்டு அவுரி அங்குள்ள வோடு பயிரை வீழ்த்திவிட்டது. பின்னர் ஜெர்மானியரின் ரசாயன நீலம் நம் அவுரியை வீழ்த்தியது வேறு கதை. லிங்கன்ஷயரின் சதுப்பு நிலங்களில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வோடு பயிராகிவந்தது. இப்பச்சைகளின் பின்னே பயிரிட்டவனும் இருக்கிறான், சாயமேற்றியவனும் இருக்கிறான் என்பதற்காகவே இதனை இங்குக் குறித்தோம்.

விவசாயப் பகுதியினருக்கு உகந்த கொடிகள் வேறு சில உள்ளன. வூஸ்டர்ஷயரின் கொடி 2013-இல் அமைந்தது. அதில் நெளியும் பச்சை நீலப் பட்டைகளின் மேல் மூன்று கரும் பேரிக்காய்கள். 'வூஸ்டர் கரும்பேரி' என்பது அவ்வூருக்கே உரிய பழைய வகை. பறித்தவுடன் கடித்தால் பல்லுக்குத்தான் கேடு. கல்லைப் போல் இருக்கும். வேகவைத்தே உண்ண வேண்டும். ஆனால் பரணில் போட்டுவைத்தால் குளிர்காலம் முழுதும் கெடாது. பஞ்ச காலத்தில் கைகொடுத்த பண்டம் என்ற அளவில் நம் ஊர் வரகையும் பனங்கிழங்கையும் போன்றது எனலாம். 1575-இல் எலிசபெத் ராணி அந்நகருக்கு வந்தபோது பேரி மரத்தைக் கண்டு வியந்து அதனை நகரச் சின்னத்தில் சேர்க்கச் சொன்னதாகவும் ஒரு வழிவழிச் செய்தி உண்டு. அக்கவுண்டியில் வேறு பயிர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வேறெங்கும் இல்லாத ஒன்று எது என்று கேட்டுக்கொண்டு இந்த ஒரு காயை எடுத்தார்கள். மற்றப் பயிர்க்காரர்கள் யாரும் தம்மை விலக்கிவிட்டதாகக் கருதவில்லை போலும்!

அடுத்துள்ள ஹெரிபோர்டுஷயர் 2019-இல் பதிந்த கொடியில் காளையின் தலை இருக்கிறது. சிவந்த உடலும் வெளுத்த முகமுமான ஹெரிபோர்டு மாட்டினம் உலகமெங்கும் பரவியது. கொடியின் தளம் அவ்வூர்ச் செம்மண்ணின் நிறம். கீழே அலைபோன்ற கோடுகள் வை ஆற்றைக் குறிப்பன. செஷயரின் கொடியில் மூன்று பொன்னிறக் கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும் உண்டு. அவை அப்பகுதிப் பழம் பிரபுக்களின் சின்னம். கிளாஸ்டர்ஷயரில் மேய்ச்சற் பச்சை, செவர்ன் ஆற்றின் நீலம், வீடு கட்டும் கல்லின் வெளிர் மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களோடு முடித்துக்கொண்டார்கள்.

எல்லாச் சின்னங்களும் மண்ணிலிருந்தே வந்தவை என்று நாம் சொல்லவில்லை. வடக்கேயுள்ள நார்தம்பர்லாந்தின் கொடி ஏட்டிலிருந்து வந்தது. ஆஸ்வால்டு என்னும் அரசன் 642-இல் போரில் இறந்தான். அவன் கல்லறையின் மேல் ஊதாவும் பொன்னுமான கொடி ஒன்று தொங்கியதாக, 731-இல் எழுதி முடித்த வரலாற்று நூலில் பீடு என்னும் துறவி குறித்திருக்கிறார். நிறத்தைச் சொன்னாரே அன்றி, அத்துணி எவ்வாறு அமைந்திருந்தது என்று அவர் சொல்லவில்லை. பின்வந்தவர்கள் அதைப் பட்டைகளாகக் கற்பித்துக்கொண்டனர். காலப்போக்கில் ஊதா சிவப்பாயிற்று. இன்று அக்கவுண்டியில் பறப்பது சிவப்பும் பொன்னுமான கொடி.

இனி லங்காஷயருக்கு வருவோம். ராச்டேல் நகரின் டோட் லேன் தெருவில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் இருபத்தெண்மர் சேர்ந்து, இருபத்தெட்டுப் பவுன் மூலதனத்தோடு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் தொடங்கிய கதையை நம் உறுப்பினர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டுவதில்லை. அந்த நகரத்தின் கேடயச் சின்னத்தில் என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்திராது. நடுவே ஒரு கம்பளிப் பொதி. அதைச் சுற்றி வளைத்துப் பூத்த பருத்திக் கிளைகள் இரண்டு. ஆட்டு ரோமமும் பருத்தியும் சேர்ந்து அவ்வூருக்குச் சோறு போட்டமையைக் காட்டும் சின்னம் அது. நம் பதினொரு சின்னங்கள் சொல்ல முயன்றதை அந்த ஒற்றைச் சின்னம் சொல்லிவிடுகிறது.

ஆனால் லங்காஷயரின் கொடியில் பொதியும் இல்லை, பருத்தியும் இல்லை. மஞ்சள் தளத்தில் ஒரே ஒரு செந்நிற ரோஜா மலர்தான். அது லங்காஸ்டர் அரச குடும்பத்தின் அடையாளம். பதினைந்தாம் நூற்றாண்டில் அக்குடும்பத்தினர் யார்க் குடும்பத்தினரோடு பொருத போர்களுக்கு 'ரோஜாப் போர்கள்' என்றே பெயர். பஞ்சாலைகளால் உலகப் புகழ் பெற்ற ஒரு பகுதி, தன் கொடியில் பஞ்சை வைக்கவில்லையே என்று நாம் முதலில் வியந்தோம். யோசித்தபோது அது சரியென்றே பட்டது. பருத்தி அம்மண்ணில் விளைந்ததன்று. அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு அது. 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு கப்பல்கள் நின்றபோது லங்காஷயரின் ஆலைகள் மூடிக் கிடந்து, தொழிலாளர் வீடுகளில் பஞ்சுப் பஞ்சம் சோற்றுப் பஞ்சமாயிற்று.

லங்காஷயர் என்ற பெயர் நம் தாத்தாமார் காதில் வேறு விதமாக ஒலித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த விசைத்தறிகளின் துணி மலிவாக வந்து இறங்கியதால் நம் நாட்டில் எத்தனையோ கைத்தறிகள் குழியிலேயே மட்கின. 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியடிகள் லங்காஷயரின் டார்வென் பகுதிக்கும் சென்றார். அந்நியத் துணி மறுப்பினால் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களே அவரை ஆரவாரித்து வரவேற்றனர். அந்தச் செந்நிற ரோஜாவைக் காணும்போது நம் நெஞ்சில் இவை இரண்டும் கூடவே எழுகின்றன. ஒரு சின்னம், வைத்துக்கொண்டவனுக்கு ஒரு பொருளும், எதிரே நின்று பார்ப்பவனுக்கு மற்றொரு பொருளும் தரக்கூடும்.

ரோஜாவுக்கு மஞ்சள் தளம் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. லங்காஷயர் மக்கள் வழக்கமாக ஏற்றிவந்தது வெள்ளைத் தளத்தில் சிவப்பு ரோஜா. 1971-இல் தோன்றிய 'கொடிக் கழகம்' என்னும் நிறுவனம் அந்நாட்டுக் கொடிகளுக்கெல்லாம் பதிவேடு வைத்திருக்கிறது. அங்கே பதியச் சென்றபோது, அவ்வடிவத்தை ஸ்காட்லாந்திலுள்ள மான்ட்ரோஸ் என்ற சிற்றூர் முன்பே பதிந்துகொண்டது தெரியவந்தது. ஒன்றுபோல் இரண்டு கொடிகளைப் பதிவதில்லை. ஆகவே 2008-இல் லங்காஷயர் ஆர்வலர்கள் தளத்தை மஞ்சளாக்கிப் பதிவு செய்தனர். புவிசார் குறியீட்டின் அருமையும் போலிச் சரக்கின் கொடுமையும் அறிந்த நம் நெசவாளர்கள் இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். முந்திப் பதிந்தவனுக்கே உரிமை.

நம் ஏழு வண்ணக் கொடிக்கும் ஏறக்குறைய இதே சங்கடம் நேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் சார்ல்ஸ் ஜீடின் யோசனைப்படி, வானவில்லின் ஏழு நிறங்களைக் கொண்ட அக்கொடியைச் சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1925-இல் ஏற்றது. பிற்காலத்தில் வேறு இயக்கங்களும் வானவில் கொடியைக் கைக்கொள்ளவே, குழப்பம் நேராதிருக்க 2001-இல் இணையம் தன் கொடியை மாற்றிக்கொண்டது. நம் நாட்டில் கூட்டுறவு வாரத்துக்கு இன்றும் ஏறுவது பழைய ஏழு வண்ணம்தான்.

கொடியைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி, எந்தச் சின்னம் என்ற கேள்வியைக் காட்டிலும் பெரிதாகிவிடுவதுண்டு. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள சதர்லாந்து கவுண்டியில் 2018-இல் ஒரு போட்டி நடந்தது. நடுவர் குழு தேர்ந்து அறிவித்த வடிவத்தை ஊரார் ஏற்கவில்லை, கண்டனங்கள் குவிந்தன. முடிவில் அதைக் கைவிட்டு, அதே ஆண்டில் மக்களின் வாக்குக்கு விட்டு வேறொன்றைத் தேர்ந்தார்கள். இதற்கு நேர்மாறானது ஷெட்லண்டுத் தீவுகளின் கொடி. நார்வே நாட்டு ஆட்சியிலிருந்த அத்தீவுகள் ஸ்காட்லாந்துக்கு அடகுவைக்கப்பட்டது 1469-இல். அதன் ஐந்நூறாம் ஆண்டாகிய 1969-இல் இரண்டு இளைஞர்கள், ஸ்காட்லாந்தின் நீலத்தையும் வெள்ளையையும் எடுத்து, நார்வே முதலிய நாடுகளின் சிலுவை வடிவத்தில் அமைத்து ஒரு கொடி வரைந்தார்கள். அதிகார ஏற்பு வந்தது 2005-இல். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளும் மக்கள் அதனைப் படகுகளிலும் வீடுகளிலும் தாமாக ஏற்றிவந்தனர்.

ஏற்றுவதற்கும் இங்கிலாந்தில் ஒரு தடை இருந்தது. அந்நாட்டுச் சட்டம் கொடியை விளம்பரப் பலகையின் இனத்தில் சேர்த்திருந்தது. எனவே, தன் வீட்டுக் கம்பத்தில் கவுண்டிக் கொடி ஏற்றியவர் கட்டணம் கட்டி அனுமதி பெற வேண்டுமென்ற தொல்லை சில இடங்களில் எழுந்தது. 2012-இல் விதிகள் திருத்தப்பட்டு, பழைய கவுண்டிகள் அனைத்தின் கொடிகளையும் அனுமதியின்றி ஏற்றலாம் என்று ஆயிற்று. ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் கவுண்டிக் கொடி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கவுண்டி அல்லாத ஒரு வட்டாரத்தின் கொடியையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நிலக்கரியும் இரும்பும் மிகுந்த ஒரு வட்டாரத்துக்குக் 'கருநாடு' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பகலில் புகையால் கருத்தும் இரவில் உலைகளால் சிவந்தும் இருந்த இடம் அது. அதற்கு 2012-இல் கொடி வரைந்து வென்றவள் ஒரு பள்ளிச் சிறுமி. கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்றே நிறங்கள். நடுவே கண்ணாடி உலையின் கூம்பு வடிவம். குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலி செய்வது அங்கே குடிசைத் தொழில். பெண்கள் வீட்டுக் கொட்டகையில் உலை மூட்டி அடித்தார்கள். 1910-இல் கிராட்லி ஹீத் என்ற ஊரில் அப்பெண்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்சக் கூலியை வென்றனர். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கு அச்சங்கிலி பெருமைக்குரியது. ஆனால் 2017-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், சங்கிலியைக் காணும்போது அடிமை வாணிகம் நினைவுக்கு வருகிறதே என்று கூறினார். பெரும் விவாதம் எழுந்தது. அவ்வட்டாரத்து இரும்புச் சாமான்கள் அவ்வாணிகத்துக்கும் சென்றதுண்டு என்பதை வரலாறு மறுக்கவில்லை. இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. கொடி இன்றும் பறக்கிறது. விவாதமும் அடங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

துணியைப் பற்றிச் சில சொற்கள். முற்காலத்தில் கொடிக்கென மெல்லிய கம்பளித் துணி நெய்வது அங்கே ஒரு தனித் தொழில். சபோக் கவுண்டியின் சட்பரி நகரம் அதற்குப் பேர்போனது. இப்போது பாலியெஸ்டர்தான். டெவன் கொடியைப் போன்ற எளிய வடிவத்தை நிறத் துணிகளை வெட்டித் தைத்தே அமைத்துவிடலாம். சின்னங்கள் பெருகினால் அச்சடிப்பதைத் தவிர வழியில்லை. ஒற்றைத் துணியில் அச்சடித்தால் மறுபுறத்தில் எழுத்துகள் இடம் வலமாய்த் திரும்பித் தெரியும். காற்றில்லாத நாளில் கொடி தொங்கிக் கிடக்கும்போது கம்பத்தை ஒட்டிய பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். கம்பத்துக்கு எதிர்ப்புற ஓரம் முதலில் நைந்து கிழியும். நம் மாதிரிக் கொடியில் இரண்டு மழைக்குள் பதிவு எண் போய்விட்டது. அதற்குப் பின் கோபுரத்தில் பாதி. நம் தேசியக் கொடி நெடுங்காலம் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில் மட்டுமே அமைய வேண்டுமென்றிருந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் செய்த திருத்தத்தால் விசைத்தறித் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடம் கிடைத்தது. இது கைத்தறியாளர் வயிற்றில் அடித்த காரியம் என்பதே நம் அபிப்பிராயம். அதனைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

வில்லும் புலியும் கயலும் மூவேந்தர் கொடிகளில் ஒவ்வொன்றாகவே நின்றன. சோழன் தன் கொடியில் புலியோடு காவிரியையும் கல்லணையையும் நெற்குதிரையும் சேர்க்கவில்லை.

மேற்கண்ட செய்திகளைச் சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்தோம். ராச்டேல் நகரச் சின்னத்தைக் கேட்டவுடன் நெசவாளர் பகுதி முதியவர் ஒருவர், "அப்படியானால் நமக்குப் பருத்திக் காய் ஒன்று போதும். விளைவிப்பவர்க்கும் அது சொந்தம், நெய்பவர்க்கும் சொந்தம்" என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். சண்டை தீர்ந்தது என்றே நாமும் எண்ணினோம். அப்போது விவசாயப் பகுதியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து, "நம் ஊரில் பருத்தி போட்டுப் பல வருஷமாயிற்றே, ஐயா. நூல் சிட்டம் எங்கிருந்தோ லாரியில் வருகிறது. இல்லாததைக் கொடியில் ஏற்றினால், லங்காஷயர்காரன் செய்யாததை நாம் செய்தது போல ஆகாதா?" என்றார். எவராலும் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. மீண்டும் பருத்தி விதைப்பதைப் பற்றியே பேச்சுத் திரும்பி, மணி எட்டாகிவிட்டது.

முடிவு பின்வருமாறு. எழுத்து இராது. மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. துணி நம் தறியில் நெய்ததாகவே இருக்கும். நிறம் எது, சின்னம் எது என்பதை உறுப்பினர்கள் வரைந்து தைமாதம் முடியுமுன் சங்க அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வந்தவற்றை ஒரே அளவுத் துணியில் தீட்டிக் கம்பத்தில் ஏற்றி, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து அனைவரும் பார்த்த பின்னரே வாக்கெடுப்பு நடைபெறும். பிள்ளைகளும் வரைந்து அனுப்பலாம்.